பதினாலு புள்ளி எட்டு

பதினாலு. பதினாலு என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். எனக்கு முன்னால் மூன்று பேர் நிற்கிறார்கள். அவர்கள் பேசி முடிக்கப் பத்து நிமிஷம் ஆகலாம், அரை மணியும் ஆகலாம், சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ரிச்சி தெருவின் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் யாரும் யாரையும் சீக்கிரம் அனுப்புவதில்லை. அதுவரைக்கும் அந்தச் சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டு நிற்கலாம். மனசுக்குள் அது தடங்கல் இல்லாமல் வருகிறது, பதினாலு, பதினாலு புள்ளி எட்டு, பதினாலு புள்ளி எட்டு வோல்ட், வானொலியில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி நிறுத்தி நிதானமாக. மனசுக்குள் எனக்குத் திக்குவதே இல்லை. தூக்கத்தில் பேசும்போதும் திக்குவதில்லை என்று செண்பகம் சொல்கிறாள். போன வாரம் ஒருநாள் படுக்கையில் மடமடவென்று ஏதோ பேசினேனாம். என்ன பேசினேன் என்று கேட்டதற்குச் சிரித்தாள். "ப்ரொப்பெல்லரைப் பத்தித்தாங்க, வேற என்னத்தப் பேசப்போறீங்க" என்றாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆன மனைவிக்கு அதைச் சொல்வதில் சலிப்புக்கூட இல்லை. தூக்கத்தில் வருகிற ப, விழித்திருக்கும்போது ஏன் வருவதில்லை? முப்பத்தெட்டு வயதாகிறது, இன்னும் எனக்கு இது புரியவில்லை. இரண்டு உதடும் ஒட்ட வேண்டும், பிறகு பிரிய வேண்டும். பல் முளைக்காத குழந்தை செய்கிற வேலை. என் உதடுகள் ஒழுங்காக ஒட்டுகின்றன. பிரிய வேண்டிய நேரத்தில்தான் யாரோ உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிடுகிறார்கள். ப, த, க மூன்றும் அப்படி. சில நாள் ஒன்று விட்டுக்கொடுக்கும், சில நாள் மூன்றும் சேர்ந்துகொள்ளும். அம்மா வரும். அப்பாவும் வரும், அகரத்தில் தொடங்குவதால். இத்தனை எழுத்துகள் இருக்க, எனக்குப் பிடித்துப்போன பொருளின் பெயர் படகு.

அதனால் நான் படகு என்று சொல்வதில்லை. 'வாட்டர்ல ஓடுறது' என்பேன். 'ரேஸ் மாடல்' என்பேன். காபி குடிக்க ஆசைப்பட்டு டீ வாங்கியிருக்கிறேன், எத்தனை ஆயிரம் டீ. பஸ்ஸில் பல்லாவரம் கேட்க முடியாமல் மீனம்பாக்கத்துக்கு டிக்கெட் எடுத்து அங்கேயே இறங்கி நடந்திருக்கிறேன். அதுவும் நல்ல நடைதான், ஓடுபாதையில் இறங்கும் விமானங்களைப் பார்த்துக்கொண்டே வரலாம். ஆனால் வேண்டியதைக் கேட்காமல் சொல்ல முடிந்ததைக் கேட்டு வாங்குவது பழகிவிட்டால், எது நமக்கு வேண்டியது என்பதே கொஞ்சம் கொஞ்சமாக மங்கிவிடுகிறது. எனக்கு டீ பிடிக்குமா, பிடிக்காதா? நிஜமாகவே தெரியவில்லை. வேலையும் அப்படித்தான் அமைந்தது. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை. துளைக்குள் அளவுகோலைச் செருகிப் பார்க்க வேண்டும், போனால் இந்தத் தட்டு, போகாவிட்டால் அந்தத் தட்டு, நாள் முழுக்க யாரோடும் பேசத் தேவையில்லை. அந்த வேலையைக் குறை சொல்லவில்லை, அங்கேதான் நூறில் ஒரு மில்லிமீட்டர் என்றால் என்ன என்று என் விரல் கற்றுக்கொண்டது, அந்த விரல்தான் எட்டு மாதம் உட்கார்ந்து கண்ணாடி இழைத் துணியை ஒவ்வொரு அடுக்காகப் பசை தடவி ஒட்டி எழுபது சென்டிமீட்டர் நீளத்தில், ரிமோட்டில் ஓட்டுகிற ஒரு பந்தயப் படகின் உடலைச் செய்தது. அடிப்பாகம் V வடிவம். முன்மூக்கு ஒடுங்கி, பின்பக்கம் தட்டையாக. மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன். போகும்போதும் வரும்போதும் அதன் வயிற்றை ஒருமுறை தடவிவிட்டுத்தான் போவேன்.

வரிசை நகரவில்லை. முதலில் நிற்பவர் கல்யாணங்களில் ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுக்கிறவர் போலிருக்கிறது, ஒடிந்த இறக்கை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலத்தில் அது எப்படி மாமரத்தில் மாட்டியது என்று கடைக்காரரிடம் விவரிக்கிறார். கடைக்காரர் முனீர் பாய், நரைத்த தாடி, மூக்குக் கண்ணாடி நெற்றிமேல். எல்லாவற்றுக்கும் "ம்ம், ம்ம்" என்கிறார். கடை ரொம்பக் குறுகல். எதிர்ச் சுவரில் தரையிலிருந்து மேல்தட்டு வரை சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு எண். கண்ணாடிப் பெட்டிக்குள் மோட்டார்கள் வரிசையாகப் படுத்திருக்கின்றன, கட்டை விரல் பருமனிலிருந்து டார்ச் லைட் பருமன் வரைக்கும். நான் தேடி வந்தது இடமிருந்து நாலாவது. நீலச் சட்டை போட்டது, குளிர்நீர் சுற்றி ஓடுவதற்காக உடம்பைச் சுற்றி ஒரு உறை, உறைக்கு இரண்டு மூக்கு. இரண்டாயிரத்து எழுபது கேவி. கேவி என்றால் ஒரு வோல்ட் கொடுத்தால் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்கிற கணக்கு, அவ்வளவுதான், இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆயிற்று, புரிந்த அன்று செண்பகத்தை எழுப்பிச் சொல்லலாமா என்றிருந்தது. இரண்டாயிரத்து எழுபதைப் பதினாலு புள்ளி எட்டால் பெருக்கினால் முப்பதாயிரத்து அறுநூறு சொச்சம். அது நாலு செல் பேட்டரி. பக்கத்தில் கிடக்கிற சிவப்பு மோட்டார் இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது கேவி, அதை மூன்று செல் பேட்டரியில், அதாவது பதினொன்று புள்ளி ஒன்று வோல்ட்டில் ஓட்டினால் முப்பத்தோராயிரத்து அறுநூறு. கிட்டத்தட்ட ஒரே வேகம். அப்படியென்றால் எதை வாங்கினால் என்ன? ஒரு வாரம் எனக்கு இதே யோசனை. ஒரே வேகம் என்றால் ஏன் ஞாயிற்றுக்கிழமை படகு விடுகிற நண்பர்கள் எல்லோரும் நாலு செல், நாலு செல் என்கிறார்கள்? பிறகுதான் மின்னோட்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயிரம் வாட் வேண்டுமென்றால் மூன்று செல்லில் தொண்ணூறு ஆம்பியர் இழுக்க வேண்டும், நாலு செல்லில் அறுபத்தேழு போதும். கம்பி சூடாவது ஆம்பியரின் இருமடியைப் பொறுத்தது. தொண்ணூறின் இருமடி எட்டாயிரத்து நூறு. அறுபத்தேழின் இருமடி நாலாயிரத்து ஐந்நூறுக்குள். அதே வேகம், பாதிச் சூடு! அதே சாலையில் அதே நேரத்துக்குப் போய்ச் சேருகிற இரண்டு பேரில் ஒருவன் மூச்சு வாங்குகிறான், ஒருவன் வாங்கவில்லை. இந்தக் கணக்கைப் போட்ட காகிதத்தை நான் இன்னும் மடித்து வைத்திருக்கிறேன்.

ஆனால் ஜனவரியில் நான் வாங்கியது மூன்று செல். தெரிந்தே வாங்கினேன். தெரிந்தே என்பதுதான் உறுத்துகிறது. அது இந்தக் கடை இல்லை, வேறொரு கடை, வேறொரு ஆள், நல்ல மனுஷர்தான், கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. 'பதினாலு வோல்ட்' என்று கேட்க வாயைத் திறந்தேன். ப என்று நின்றது. ப, ப, ப. பின்னால் யாரோ செருமினார்கள். அவர் எனக்கு உதவி செய்ய நினைத்தார், எல்லோரும் உதவி செய்யத்தான் நினைக்கிறார்கள், "பதினொண்ணா சார்? பதினோரு வோல்ட்டு, த்ரீ செல்லு, அதுக்கு ஏத்த மோட்டாரும் இருக்கு, சேத்துக் குடுத்துடறேன்" என்றார். நான் தலையாட்டினேன். பதினாலுக்கும் பதினொன்றுக்கும் முதல் இரண்டு எழுத்து ஒன்று என்பதால் எனக்கு வேறு பேட்டரி வந்தது. 'இல்ல' என்று சொல்லியிருக்கலாம். இல்ல என்பது இகரத்தில் தொடங்குகிறது, என் நாக்கு அதில் ஒருநாளும் மாட்டியதில்லை. ஆனால் இல்ல என்று சொன்னால் அதோடு விடமாட்டார்களே, வேற என்ன என்று கேட்பார்கள், அதற்கான பதில் ப-வில் தொடங்கும். அதனால் ஆமாம். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஆமாம்களை அடுக்கினால்... வேண்டாம், அந்தப் பக்கம் போனால் இன்றைக்கு முழுக்கத் திரும்பி வரமாட்டேன். மார்ச் மாதம் திருநீர்மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பழைய கல்குவாரிக் குட்டையில் படகை முதல்முறை ஓட்டினோம். நாலைந்து பேர்தான் எங்கள் கூட்டம். ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஆரோக்கியசாமி சாரின் படகு எழுபது கிலோமீட்டரைத் தொடும். என்னுடையது முதல் நேர்கோட்டில் அவருடையதை ஒட்டியே போனது, மூக்கு மேலெழும்பி, வயிறு தண்ணீரைத் தொட்டும் தொடாமலும், அந்தப் பத்து விநாடி, அந்த ஓசை. வளைவில் திரும்பியது. குட்டையின் நடுவில் வெள்ளைப் புகை ஒன்று எழும்பியது. படகு நின்றுவிட்டது. டென்னிஸ் பந்தில் தூண்டில் நரம்பு கட்டி எறிந்து எறிந்து இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்தோம். கன்ட்ரோலர், அதாவது வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி, கருகியிருந்தது. "யாரு த்ரீ செல் போடச் சொன்னது உங்கள?" என்று கேட்டார் ஆரோக்கியசாமி சார். வீட்டுக்கு வந்ததும் செண்பகமும் கேட்டாள், "நீங்களே பாத்துத்தானே எடுத்தீங்க?" நான் சொன்னேன், ஆமாம். மோட்டாரை, இங்கே கிடக்கிற மாதிரியே ஒரு சிவப்பு, துணியில் சுற்றி அலமாரியின் அடித்தட்டில் போட்டேன். இன்றுவரை எடுத்துப் பார்க்கவில்லை.

வரிசையில் ஒருவர் குறைந்தார். ட்ரோன்காரர் நகர்ந்துவிட்டார், அடுத்தவர் சிசிடிவி அடாப்டர் ஒன்றை நீட்டி இதே மாதிரி இன்னொன்று என்கிறார், அது எவ்வளவு சுலபம், இதே மாதிரி இன்னொன்று. என் சட்டைப்பையிலும் ஒரு சீட்டு இருக்கிறது. நீல மோட்டார், கேவி, செல், கன்ட்ரோலர் எல்லாம் வரிசையாகக் கொட்டை எழுத்தில். அதை நீட்டினால் வேலை முடிந்துவிடும். முன்பெல்லாம் அப்படித்தான் செய்தேன். ஒருமுறை மருந்துக்கடையில் சீட்டை நீட்டியதும் அந்தப் பெண் எனக்குக் காது கேட்காது என்று நினைத்துக்கொண்டு விரலால் சைகை காட்டி, வாயைப் பெரிதாக அசைத்து, சாப்பாட்டுக்கு அப்புறம் என்று நடித்துக் காட்டியது, நானும் கெடுப்பானேன் என்று சைகையிலேயே நன்றி சொல்லிவிட்டு வந்தேன். சீட்டை நீட்டலாம். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஆனால் சீட்டு சாமானைத்தான் கேட்கும், சந்தேகத்தைக் கேட்காது. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அதற்கு இணையத்தில் பதில் இல்லை, ஆரோக்கியசாமி சாரிடமும் இல்லை. வளைவில் திரும்பும்போது படகு ஒரு பக்கம் சாய்கிறது இல்லையா, அப்போது ப்ரொப்பெல்லர் ஒரு கணம் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடுகிறது. பிடிமானம் போனதும் கிறீச்சென்று கத்திக்கொண்டு சுற்றுகிறது. மறுகணம் திரும்பத் தண்ணீருக்குள் இறங்குகிறது. முப்பதாயிரம் சுற்றில் சுழன்றுகொண்டிருக்கிற ஒன்றைத் தண்ணீர் சட்டென்று பிடிக்கிறது. அந்தக் கணத்தில் மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கும்? தொண்ணூறா, இருநூறா? எத்தனை நேரம் இழுக்கும்? அதை நீல மோட்டார் தாங்குமா, சிவப்பு தாங்குமா? யாரும் அந்தக் கணத்தைப் பற்றிப் பேசுவதில்லை. எல்லோரும் நேர்கோட்டு வேகத்தைத்தான் சொல்கிறார்கள். நான் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன், ஷிஃப்ட் பஸ்ஸில், குளிக்கும்போது, நினைக்க நினைக்க அந்தக் கணம் நீண்டுகொண்டே போகிறது, தண்ணீர் அந்தச் சின்னப் பித்தளை இதழைத் தொடுகிற இடம் வரைக்கும் போய் அங்கேயே நிற்கிறேன். தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டால்தான் தெரியும். கேட்பதென்றால் வாயால். சிசிடிவிக்காரரும் நகர்ந்துவிட்டார். இன்னும் ஒருவர். எலெக்ட்ரிக் சைக்கிள் சார்ஜர் கேட்டார், இல்லை என்றதும் போய்விட்டார். இவ்வளவு சீக்கிரமா. என் பின்னால் ஒரு ஹெல்மெட் ஆசாமி சேர்ந்திருக்கிறார், மூச்சு என் கழுத்தில் படுகிறது. பதினாலு, பதினாலு.

"சொல்லுங்க சார்" என்றார் முனீர் பாய்.

நீல மோட்டாரைக் காட்டினேன். "ரெண்டாயிரத்து எழுபது" என்றேன். வந்துவிட்டது. அவர் பெட்டியைத் திறந்து அதை எடுத்து வைத்தார். "நல்ல மோட்டார். எத்தினி செல்லுல ஓட்டப் போறீங்க?"

நாலு என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது, ந என்ற எழுத்து எனக்கு எதிரி இல்லை. ஆனால் காலையிலிருந்து ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அதுதான் முன்னால் வந்து நின்றது. "ப" என்றேன். உதடு ஒட்டிக்கொண்டது. கன்னம் இழுத்தது, கழுத்து நரம்பு புடைப்பது எனக்கே தெரிகிறது, கண் தானாக மூடிக்கொண்டது. ஹெல்மெட்காரர் காலை மாற்றி நின்றார்.

"பதினொண்ணா? த்ரீ செல்லா சார்? இது த்ரீ செல்லுக்கு ஸ்லோவா இருக்குமே. அந்தச் சிவப்பு எடுத்துக்கங்க, செம ஃபாஸ்ட்டு" என்றார், கை சிவப்பை நோக்கிப் போய்விட்டது.

"இல்ல" என்றேன்.

கை நின்றது. அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கி என்னைப் பார்த்தார். இனி எனக்குப் பின்வாங்க இடமில்லை. ஒரு வேடிக்கை, பயமாக இல்லை. பயம் எங்கே போயிற்று என்று தேடினேன். அந்த இடத்தில் மோட்டார் இருந்தது, வளைவு இருந்தது, அந்தக் கணம் இருந்தது. "ப... ப... ப... பதினாலு" என்றேன். எவ்வளவு நேரம் ஆயிற்றோ. ஆறு விநாடி, பத்து விநாடி. கடிகாரத்தில் அது ஒன்றுமே இல்லை. "பதினாலு புள்ளி எட்டு. அதோட ஒரு சந்தேகம்." சந்தேகத்தைக் கேட்டேன். படகு என்றே சொன்னேன், வாட்டரில் ஓடுவது என்று சொல்லவில்லை, அதில் இரண்டு முறை மாட்டினேன், ப்ரொப்பெல்லரில் நாலு முறை, தண்ணீரில் ஒரு நீண்ட முறை. சொல்லி முடித்தபோது முனீர் பாய் தாடியைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"இது எனக்குத் தெரியலியே சார். இத்தினி வருசத்துல ஒருத்தரும் இதக் கேட்டதில்ல" என்றார். பிறகு பின்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "எஸ்தர் அக்கா, கொஞ்சம் வாங்க. இவரு ஒரு கேள்வி கேக்குறாரு."

இழுப்பறைச் சுவருக்குப் பின்னால் ஒரு மேஜை இருப்பதையே நான் கவனிக்கவில்லை. ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மாள், தலையில் பூதக்கண்ணாடிப் பட்டை, கையில் சாலிடரிங் கோல், அதை அணைக்காமலே எட்டிப் பார்த்தார். கடைக்கு வரும் பழுதெல்லாம் அவர் கைக்குத்தான் போகும் போல. "இன்னொரு தடவ சொல்லுங்க சார்" என்றார். இன்னொரு தடவை! ஆனால் சொன்னேன். இந்த முறை இன்னும் அதிகமாகத் திக்கியது, ஆனால் இந்த முறை கையாலும் காட்டினேன், கை படகானது, சாய்ந்தது, எழும்பியது, விழுந்தது. அவர் என் வாயைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினி ஆம்ப்ஸ்னு எனக்கும் தெரியாது" என்றார். "அளந்தாதான் தெரியும். ஏன், எதனா எரிஞ்சு போச்சா?"

சொன்னேன். ஃபேக்டரியில் அளவு பார்க்கிற வேலை, ஜனவரி, மார்ச், குட்டை, தொண்ணூறு ஆம்பியர், புகை. செண்பகத்திடமும் சொல்லாத இடத்தையும் சொன்னேன். "பதினாலு கேக்கத்தான் போனேன். அவரு பதினொண்ணுன்னு குடுத்தாரு. நான் சரின்னுட்டேன்."

"ஏன் சரின்னீங்க?"

"சொல்ல வரல."

"ம்" என்றார். அதோடு அதை விட்டுவிட்டார். "கன்ட்ரோலர் எத்தினி ஆம்ப்ஸ் தாங்கும்?"

"நூத்தி இருவது."

"நூத்தி இருவது தாங்குறது தொண்ணூறுக்கு எதுக்கு எரிஞ்சு போவணும்?" என்று கேட்டார். ஆமாம், எதற்குப் போக வேண்டும்? நான்கு மாதமாக நான் அந்தக் கணக்கைப் போடவே இல்லை. ஆம்பியரின் இருமடியைப் போட்டேன், மூச்சு வாங்குகிறவனைப் பற்றி யோசித்தேன், ஆனால் இந்தச் சின்னக் கழித்தலைப் போடவில்லை. ஏனென்றால் காரணம் எனக்கு முன்பே தெரியுமே. நான் தலையாட்டியதுதான் காரணம்.

"பேட்டரிலேர்ந்து கன்ட்ரோலருக்கு ஒயர் எவ்ளோ நீட்டு?" என்றார் எஸ்தர்.

"ஒண்ணரை அடி." பேட்டரியை மூக்குப் பக்கம் வைத்திருந்தேன், இல்லையென்றால் காற்றில் மூக்கு எழும்பிப் படகு மல்லாந்துவிடும். கன்ட்ரோலர் பின்னால், மோட்டாருக்குப் பக்கத்தில். இடையில் இருந்த தூரத்துக்கு ஒயரை நானே ஒட்டு வைத்து நீட்டினேன். நல்ல ஒட்டு. பார்த்துப் பார்த்து வைத்த ஒட்டு.

"அதான்" என்றார். "கன்ட்ரோலர் கரண்ட்ட வெட்டி வெட்டித்தான் மோட்டாருக்கு விடுது. ஒயர் நீண்டா, ஒவ்வொரு வெட்டுக்கும் வோல்ட்டேஜ் எகிறி எதிர்க்க அடிக்கும். வாசல்ல ரெண்டு கப்பாசிட்டர் இருக்கும் பாருங்க, சின்ன டப்பா மாதிரி, அதுதான் அத்தினியும் வாங்கிக்கணும். தல உப்பியிருந்துதா?"

உப்பியிருந்தது. இரண்டும். மீன் வாடை மாதிரி ஒரு வாடைகூட அடித்தது, நான் அதைக் குட்டைத் தண்ணீரின் வாடை என்று நினைத்தேன்.

"அப்ப த்ரீ செல்லு உங்கள ஒண்ணும் பண்ணல. ஃபோர் செல் போட்டிருந்தாலும் இதே ஒயருக்கு எரிஞ்சுதான் போயிருக்கும். இன்னும் சீக்கிரமாவே. மோட்டாரு எங்க?"

"அலமாரில."

"கையால சுத்திப் பாத்தீங்களா? வார்னிஷ் கருகுன வாசன வந்துச்சா?"

பார்க்கவில்லை என்றேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார், அளவு பார்க்கிற மனுஷன் ஏன் அளந்து பார்க்கவில்லை என்கிற பார்வை. எனக்குச் சிரிப்பு வந்தது. கடையில் நின்று சத்தமாகச் சிரித்தேன், ஹெல்மெட்காரர் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார். என்ன ஒரு திமிர் எனக்கு. உலகத்தில் எது கெட்டுப்போனாலும் அதற்கு என் வாய்தான் காரணம் என்று நினைப்பது எவ்வளவு பெரிய திமிர். காரணம் ஒன்றரை அடி ஒயர். என் கையால் வைத்த ஒட்டு. ஒயருக்கு நான் திக்குவது தெரியாது. அந்தச் சிவப்பு மோட்டார் அலமாரியில் துணிக்குள் நன்றாக இருக்கிறதோ என்னவோ, விரலால் தள்ளினால் நழுவி நழுவிச் சுற்றுமோ என்னவோ. இப்போதே வீட்டுக்குப் போய்த் தள்ளிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. "பேட்டரியப் பின்னாடி கொண்டுவந்தா மூக்கு எழும்புமே, அதுக்கு என்ன செய்யறது?" என்று கேட்டேன்.

"கன்ட்ரோலரையும் முன்னாடி கொண்டு போயிடுங்க, பேட்டரிய ஒட்டி. மோட்டாருக்குப் போற மூணு ஒயரு நீண்டா நீண்டுட்டுப் போவட்டும், அது ஒண்ணும் பண்ணாது."

இவ்வளவுதானா. இவ்வளவுதான். முனீர் பாய் நீல மோட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்ப இது வேணுமா வேணாமா சார்?" என்றார். நியாயமான கேள்வி. வீட்டில் ஒரு மோட்டார் இருக்கிறது, ஒருவேளை நன்றாகவே இருக்கலாம், அதற்கேற்ற பேட்டரியும் இருக்கிறது. வேண்டியது ஒரு கன்ட்ரோலர் மட்டும். யோசித்தேன். எனக்கு வேண்டுமா என்று எனக்குள் கேட்டுப் பார்ப்பது பழக்கமில்லாத வேலை, பதில் வர நேரமெடுத்தது, அவர்கள் இருவரும் நான் திக்குகிறேன் என்று நினைத்துப் பொறுமையாக இருந்தார்கள். வேண்டும். ஒரே படகு, ஒரே ப்ரொப்பெல்லர், ஒரே குட்டை. முதலில் சிவப்பு, மூன்று செல். அடுத்து நீலம், நாலு செல். இரண்டையும் ஓட்டிப் பார்த்தால்தானே அந்தப் பாதிச் சூடு என் காகிதத்தில் மட்டும் இருக்கிறதா, தண்ணீரிலும் இருக்கிறதா என்று தெரியும். "வேணும்" என்றேன். "நாலு செல் பேட்டரியும். கன்ட்ரோலரும்." பேட்டரியில் ஒருமுறை நின்றது. கன்ட்ரோலரில் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை? தெரியவில்லை.

பொட்டலம் கட்டும்போது எஸ்தர் மறுபடி எட்டிப் பார்த்தார். "சார், ஓட்டி முடிச்சதும் மோட்டார் மேல கைய வச்சுடாதீங்க. சூடு பாக்குற கன் இருக்குமே உங்க ஃபேக்டரில, அத வச்சு எத்தினி டிகிரின்னு பாருங்க. ரெண்டு மோட்டாருக்கும். எனக்குச் சொல்லணும். ஃபோன் பண்ணிச் சொல்லுங்க, மெசேஜ்லாம் வேணாம், இந்தக் கண்ணாடிய மாட்டிக்கினு என்னால படிக்க முடியாது."

ஃபோன். என்னிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், ஃபோன் மட்டும் பேசச் சொல்லக் கூடாது. எதிர்முனையில் முகம் தெரியாது, நான் மாட்டிக்கொள்கிற நேரத்தில் அவர்களுக்கு ஒன்றும் கேட்காது, ஹலோ ஹலோ என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். வங்கியில் அப்படி வைத்திருக்கிறார்கள், மாமனார் வைத்திருக்கிறார். "ஃபோன்ல எனக்கு ரொம்ப நேரமாகும்" என்றேன்.

"ஆவட்டுமே. ஸ்பீக்கர்ல போட்டுட்டு நான் பாட்டுக்கு சாலிடர் பண்ணிக்கினு இருப்பேன்" என்று சொல்லிவிட்டு இழுப்பறைகளுக்குப் பின்னால் போய்விட்டார். சாலிடர் புகை ஒரு கோடாக மேலே எழும்பியது.

தெருவுக்கு வந்துவிட்டேன். வெயில் உச்சிக்கு வந்திருக்கிறது, கைவண்டி ஒன்று டிவி பெட்டிகளோடு குறுக்கே நிற்கிறது, ஒதுங்கி ஒதுங்கி மவுண்ட் ரோடு பக்கம் நடக்கிறேன். பையில் மோட்டார் கனமாக இடுப்பில் இடிக்கிறது. நாளை காலை ஏழு மணிக்குக் குட்டை. செண்பகத்தையும் கூப்பிடலாம், கரையில் உட்கார்ந்து அவள் எண்களைக் குறித்துக்கொள்வாள், அங்கேயே ஜனவரிக் கதையையும் சொல்லிவிடலாம், ஒயர் கதையோடு சேர்த்துச் சொன்னால் அவளும் சிரிப்பாள். எத்தனை டிகிரி வரும்? நாற்பது என்று வந்தால் ந-வில் தொடங்கும், சுலபம். ஐம்பது, அறுபது, எழுபது, எண்பது, அட, எல்லாமே உயிரெழுத்து, வாயைத் திறந்தால் போதும், இத்தனை நாள் இதை நான் கவனித்ததே இல்லை. தொண்ணூறுதான் த. தொண்ணூறுக்குப் போனால் மோட்டாருக்கும் ஆபத்து, உள்ளே இருக்கிற காந்தம் பலம் இழக்க ஆரம்பித்துவிடும் என்று படித்திருக்கிறேன். சிவப்பு தொண்ணூறைத் தொடுமா? வளைவில் மூன்று முறை திருப்பி, ஒவ்வொரு முறையும் அந்த இதழ் தண்ணீருக்குள் அறைந்து இறங்கினால் தொடலாம். தொடாமலும் இருக்கலாம். நாற்பது வந்தால் நல்லது. தொண்ணூறு வந்தாலும் ஃபோன் பண்ணித் தொண்ணூறு என்றுதான் சொல்வேன்.